காகிதத்தில் தங்கும் மாவு

அச்சுப்பொறியில் போடும் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, காயத்துக்குத் தடவும் அயோடின் கரைசலில் ஒரு சொட்டை அதன் மேல் விடுங்கள். பழுப்பாக விழும் சொட்டு கொஞ்ச நேரத்தில் கருநீலமாக மாறிவிடும். ஆய்வகத்து வடிதாளில் அதே சொட்டை விட்டால் பழுப்பாகவே கிடக்கும். நீலம் வந்த தாளில் இருப்பது ஸ்டார்ச், அதாவது மாவுப்பொருள். கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கும் பேனாவுக்குள் இருப்பதும் அயோடின்தான். பருத்தி நாரில் செய்த நோட்டுத் தாளில் ஸ்டார்ச் சேர்ப்பதில்லை, சாதாரணத் தாளில் சேர்க்கிறார்கள். பேனா பிடிப்பது அந்த வித்தியாசத்தைத்தான்.

எழுதும் தாளுக்குள் மாவு எதற்கு? நாரும் கனிமப் பொடியும் போக, காகித ஆலைகள் அதிகம் பயன்படுத்தும் மூலப்பொருள் இந்த ஸ்டார்ச்தான். மக்காச்சோளம், மரவள்ளி, உருளைக்கிழங்கு, கோதுமை என எதிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் செடி கொடுத்த வடிவத்தில் அப்படியே காகிதக் கூழில், அதாவது தண்ணீரில் கலக்கிய நாரில், சேர்த்தால், அதில் பெரும்பகுதி தண்ணீரோடு ஓடிவிடும். ஸ்டார்ச்சுக்கு ஒட்டத் தெரியும், தங்கத் தெரியாது. அதைத் தங்க வைப்பதற்காக வேதியியல் செய்யும் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறதே, காகிதத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

முதலில் ஒட்டுவதைப் பார்ப்போம். காகித நாரின் உடம்பு செல்லுலோஸ். செல்லுலோஸும் சரி, ஸ்டார்ச்சும் சரி, குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலைகள்தான். செல்லுலோஸில் ஒவ்வொரு மணியும் முந்தைய மணிக்குத் தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. அதனால் மாலை நேராக நீள்கிறது, பக்கத்து மாலைகளோடு இறுக அடுக்கிக்கொள்கிறது, வெந்நீரிலும் கரைவதில்லை. ஸ்டார்ச்சில் எல்லா மணிகளும் ஒரே பக்கம் பார்க்கின்றன. மாலை சுருள்கிறது, நீரை உள்ளே விடுகிறது, வேகவைத்தால் குழைகிறது. கிளையில்லாத மாலைக்கு அமைலோஸ் என்று பெயர். மரம்போலக் கிளைவிட்டதற்கு அமைலோபெக்டின் என்று பெயர். சாதாரண மக்காச்சோள ஸ்டார்ச்சில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அமைலோஸ், மற்றது அமைலோபெக்டின்.

காகிதத்தில் நாரும் நாரும் எப்படிப் பிடித்துக்கொள்கின்றன? தனியாகப் பசை எதுவும் தேவையில்லை. ஈரக் கூழ் காயக் காய, நீர் நார்களை ஒன்றோடொன்று நெருக்கி இழுக்கிறது. அவை போதுமான அளவு நெருங்கியதும் ஹைட்ரஜன் பிணைப்புகள், அதாவது ஹைட்ரஜன் அணு வழியாக மூலக்கூறுகள் பற்றிக்கொள்ளும் பிடிப்புகள், உருவாகின்றன. தாள் நனைந்தால் கிழிவதற்குக் காரணமும் இதுதான்: நீர் நடுவில் புகுந்து அந்தப் பிணைப்புகளைப் பிரித்துவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், நார்களின் மேற்பரப்பு வழவழப்பானது அல்ல. இரண்டு நார்கள் குறுக்கே கிடக்கும் இடத்திலும் அங்கங்கே சில புள்ளிகள்தான் உண்மையில் தொடுகின்றன. அந்த இடைவெளிகளில் ஸ்டார்ச் போய் உட்கார்ந்தால், இரு பக்கமும் கைகோத்துக்கொள்ளும். செல்லுலோஸின் உறவுக்காரன் என்பதால் இரண்டுக்கும் நல்ல ஒட்டுதல்.

வலிமையைக் கூட்ட வேறு வழியும் உண்டு. நார்களை எந்திரத்தில் நசுக்கி, தேய்த்து, இழை இழையாகப் பிசிறு கிளப்பினால் தொடுபரப்பு கூடும். ஆனால் அதற்கு மின்சாரம் ஏராளமாகச் செலவாகும், கூழிலிருந்து தண்ணீர் வடிவது மந்தமாகும், தாளும் அடர்ந்து மெலிந்துவிடும். ஸ்டார்ச் இந்த விலை எதையும் கேட்காமல் வலிமை தருகிறது.

சரி, இனி தங்குவது. எந்திரத்துக்குள் போகும் கூழில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர். அது ஆலைக்காரர்கள் ‘வயர்’ என்று சொல்லும் ஓடும் வலையின் மேல் பாய்கிறது. நிமிடத்துக்கு 1,000 மீட்டருக்கு மேல் ஓடும் எந்திரங்கள் சாதாரணம். அந்த வேகத்தில் தண்ணீர் வலை வழியே இறங்க, நார் மேலே நிற்கிறது. வேகவைத்துக் கரைந்த ஸ்டார்ச் மூலக்கூறு வலைக்கண்ணோடு ஒப்பிட்டால் மிக மிகச் சிறியது. நாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் மட்டுமே அது மேலே தங்க முடியும். இல்லாவிட்டால் தண்ணீர் போகும் வழியே அதுவும் போகும்.

தண்ணீரில் மிதக்கும் நாருக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. அதன் பரப்பில் இருக்கும் அமிலத் தொகுதிகள் நீரில் ஹைட்ரஜன் அயனியை விட்டுவிடுவதால் வருவது அது. ஸ்டார்ச்சுக்கோ கிட்டத்தட்ட எந்த மின்னூட்டமும் இல்லை. அதற்கு நேர்மின்னூட்டம் கொடுத்துவிட்டால்? எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்க்கும், நாரைத் தேடி ஸ்டார்ச் தானே போய் ஒட்டும். கேட்டயானிக் ஸ்டார்ச் என்று சொல்லப்படுவது இதுதான்.

செய்முறை நிதானமானது. ஸ்டார்ச் மாவுத் துகள்களை வேகவிடாமல், இளஞ்சூட்டில் தண்ணீரில் கலக்கிக் காரம் சேர்க்கிறார்கள். துகள்கள் உப்பிவிடாமல் இருக்கச் சோடியம் சல்பேட் போன்ற உப்பும் சேரும். பிறகு நான்கு கார்பன்களைப் பிடித்த ஒரு நைட்ரஜனைத் தாங்கிய வினைப்பொருளைச் சேர்க்கிறார்கள். அது குளுக்கோஸின் ஹைட்ராக்சில் தொகுதியில் ஒட்டிக்கொள்கிறது. நான்கு பக்கமும் கார்பன் பிடித்த நைட்ரஜன், நீர் அமிலமாக இருந்தாலும் காரமாக இருந்தாலும் நேர்மின்னூட்டத்தை விடாது. வினை முடிந்ததும் வடித்து, கழுவி, உலர்த்தினால் பார்வைக்கு அதே பழைய வெள்ளை மாவு.

எவ்வளவு ஒட்டுகிறார்கள் தெரியுமா? நூறு குளுக்கோஸ் மணிகளுக்கு இரண்டிலிருந்து ஐந்து வரைதான். மற்ற மணிகளை யாரும் தொடுவதில்லை. அந்தச் சில மணிகள் போதும், சேர்த்த ஸ்டார்ச்சில் பெரும்பகுதி நாரிலேயே நின்றுவிடும். ஒரு டன் காகிதத்துக்குப் பத்துக் கிலோ அளவில் போட்டாலே வித்தியாசம் நன்றாகத் தெரியும். மாலையின் மீதிப் பகுதி மாறாமல் இருப்பதும் முக்கியம், ஏனென்றால் ஹைட்ரஜன் பிணைப்பை உண்டாக்கும் வேலை அதனுடையது.

நார் மட்டும் பலன் பெறுவதில்லை. தாளுக்கு வெண்மையும் ஒளிபுகாத் தன்மையும் தருவதற்காகக் கால்சியம் கார்பனேட் பொடி சேர்க்கிறார்கள். இந்தப் பொடித் துகள்களும், நார்த் தூள்களும் வலை வழியே நழுவிவிடக்கூடியவை. கேட்டயானிக் ஸ்டார்ச் அவற்றையும் நாரோடு சேர்த்துப் பிடிக்கிறது. பொடி கூடினால் நார்களுக்கு இடையே புகுந்து தாளைப் பலவீனமாக்கும், அந்த இழப்பை ஈடுகட்டுவதும் இதே ஸ்டார்ச்தான். முன்பெல்லாம் படிகாரமும் மரப்பிசினும் கலந்து அமிலத் தன்மையில் காகிதம் செய்தார்கள். அப்போது படிகாரத்தின் அலுமினியம் நேர்மின்னூட்டத்தைப் பார்த்துக்கொண்டது. ஆனால் அமிலத் தாள் காலப்போக்கில் பழுத்து நொறுங்கும். அமிலத்தில் கால்சியம் கார்பனேட் கரைந்துவிடும் என்பதால் அந்தப் பொடியைச் சேர்க்கவும் வழியில்லை. இருபதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் ஆலைகள் அமிலத்தை விட்டு விலகியபோது, படிகாரம் செய்த வேலையில் ஒரு பகுதியைக் கேட்டயானிக் ஸ்டார்ச் ஏற்றுக்கொண்டது. நீண்ட நாள் நிற்கும் புத்தகத் தாள் இன்று எளிதாகக் கிடைப்பதில் இதற்கும் பங்கு உண்டு என்பது எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

ஆனால் போடப் போட நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. அளவு மீறினால் நார் முழுவதும் நேர்மின்னூட்டத்துக்கு மாறி, எல்லாம் ஒன்றையொன்று தள்ள ஆரம்பிக்கும். பிடித்து வைக்கத்தான் சேர்த்தோம், அதுவே கலைத்துவிடும். அதற்கு முன்பே நார்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்துவிடுவதும் உண்டு, வெளிச்சத்தில் தாளைத் தூக்கிப் பார்த்தால் மேகம்போலத் திட்டுத் திட்டாகத் தெரியும். தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுழற்றும் ஆலைகளில் உப்பு சேரும். உப்பு அயனிகள் மின்னூட்டங்களுக்கு நடுவே திரைபோல நின்று ஈர்ப்பைக் குறைத்துவிடும். கூழில் சேர்க்கும் முன் ஸ்டார்ச்சை வேகவைப்பதும் லேசான காரியமல்ல. சரியாக வேகாத துகள்கள் விரிந்து பரவாது, மிதமிஞ்சி வெந்தால் மாலைகள் அறுந்து வலிமை குறையும்.

இதுவரை பார்த்தது கூழுக்குள் சேரும் ஸ்டார்ச். அளவில் அதைவிடப் பெரிய பயன்பாடு காய்ந்த தாளின் மேற்பரப்பில் நடக்கிறது. ஒரு முறை உலர்ந்த தாள் இரண்டு உருளைகளுக்கு இடையே ஸ்டார்ச் கரைசலில் நனைந்து வெளியே வந்து, மறுபடி உலரும். இதுதான் சைஸ் பிரஸ். மேற்பரப்பு நார்களை ஒரு படலம் கட்டிப் பிடிப்பதால் அச்சு மையின் பசைத்தன்மை நார்களைப் பிய்த்துக்கொண்டு போகாது, தாளும் விறைப்பாக நிற்கும். இந்த யோசனை பழையது. அரபு உலகத்துக் காகிதக்காரர்கள் ஸ்டார்ச் பூசித்தான் எழுதும் தாளைத் தயாரித்தார்கள். பிறகு ஐரோப்பாவில் விலங்குப் பசை அந்த இடத்தைப் பிடித்தது.

இங்கே தேவை தலைகீழ். கூழுக்குள் நீண்ட மாலை வேண்டும், சைஸ் பிரஸ்ஸில் குட்டை மாலை வேண்டும். வெந்த சாதாரண ஸ்டார்ச் மிகவும் கெட்டியானது. ஆறினால் அமைலோஸ் மாலைகள் மறுபடி அடுக்கிக்கொண்டு கட்டிதட்டும். ஆகவே சோடியம் ஹைப்போகுளோரைட் கொண்டு ஆக்சிஜனேற்றம் செய்கிறார்கள். மாலைகள் அறுந்து கரைசல் இளகுகிறது. கூடவே முளைக்கும் கார்பாக்சில் தொகுதிகள் (நீரில் எதிர்மின்னூட்டம் பெறும் அமிலத் தொகுதிகள்) நடுவில் நின்று மாலைகளை அடுக்கவிடாமல் தடுக்கின்றன. அமைலேஸ் நொதியை விட்டு ஆலையிலேயே வெட்டிக்கொள்வதும் உண்டு. அப்புறம் ஒரு தெளிவு: ஸ்டார்ச் படலம் தாளை நீர்விலக்கி ஆக்குவதில்லை. நீர் புகும் துளைகளை அடைத்து வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். நீரை விலக்குவதற்கு வேறு பொருள்களைச் சேர்க்கிறார்கள்.

பழைய தாள் மறுசுழற்சிக்குத் திரும்பும்போது இந்த இரண்டு ஸ்டார்ச்சுகளும் பிரிகின்றன. கேட்டயானிக் ஸ்டார்ச்சில் பெரும்பகுதி நாரோடு ஒட்டியபடியே அடுத்த தாளுக்குப் போகும். ஆக்சிஜனேற்றம் பெற்றதோ எதிர்மின்னூட்டம் கொண்டது, நாரை விட்டுத் தண்ணீரில் கரைந்துவிடும். புதிதாகச் சேர்க்கும் கேட்டயானிக் ஸ்டார்ச்சை நாருக்கு முன்பே அது பிடித்துக்கொண்டு வீணாக்கும். நுண்ணுயிர்களுக்கோ நல்ல விருந்து, குழாய்களில் வழவழவென்று படிவு கட்டும், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சுமையும் கூடும். இதற்காகவே மேற்பரப்பிலும் கேட்டயானிக் ஸ்டார்ச்சைப் பூசும் ஆலைகள் உண்டு.

ஸ்டார்ச் தங்கியதா, ஓடியதா என்று பார்க்க, வலைக்குக் கீழே வடியும் தண்ணீரில் அயோடின் விட்டுச் சோதிக்கிறார்கள். நீலம் வந்தால் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். நீலம் வராவிட்டால் தங்கியது என்று உடனே முடிவுகட்ட முடியாது. நுண்ணுயிர்கள் மாலையை மிகச் சிறு துண்டுகளாக வெட்டியிருந்தால், நீல நிறம் வர அயோடின் போய் அமர்வதற்குச் சுருளே இருக்காது. ஸ்டார்ச்சின் மிச்சம் தண்ணீரில் கரைந்து கிடக்கும், சொட்டு மட்டும் பழுப்பாகவே நிற்கும்.