எம்.பி. ஓட்டு ரகசியம் இல்லை: சிவகங்கைத் தொகுதிக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

2021 சட்டமன்றத் தேர்தல் நேரம். காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் இரண்டு பேருக்குள் வாக்குவாதம். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கைவிடச் சொல்லி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று அதிமுக தேர்தல் அறிக்கை சொல்லியிருந்தது. "பாத்தீங்களா, எங்காளுங்க தைரியமா சொல்லிட்டாங்க" என்றார் ஒருவர். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி டெல்லியில அதுக்கு ஓட்டுப் போட்டது யாரு?" என்றார் மற்றவர். "அதெல்லாம் யாருக்குத் தெரியும்" என்று முதலாமவர் கையை விரித்தார்.

"தெரியும்ண்ணே. யார் யார் எப்படிப் போட்டாங்கன்னு பேரோட லிஸ்ட் இருக்கு" என்றேன். பெரியவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஓட்டு ரகசியம் இல்லையா தம்பி?"

அவர் கேட்டதில் தப்பில்லை. நாம் போடும் ஓட்டுதான் ரகசியம். நமக்காக அவையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு மசோதாவுக்குப் போடும் ஓட்டு ரகசியம் அல்ல. குடியரசுத் தலைவர் தேர்தல் போலச் சிலவற்றில் மட்டுமே எம்.பி.க்களுக்கும் ரகசிய வாக்கு. அவையில் பேசியதும் வாக்களித்ததும் முழு அறிக்கையாக வெளிவர வேண்டும். மக்களவை விதி 379 இந்தப் பொறுப்பை அவையின் பொதுச் செயலரிடம் கொடுத்திருக்கிறது. அந்த அறிக்கையைப் பார்க்க நாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, காசும் கட்ட வேண்டியதில்லை.

அன்றைய தகராறுக்கு விடை இதுதான். 2019 டிசம்பரில் மாநிலங்களவையில் 125-க்கு 105 என்ற கணக்கில் அந்த மசோதா நிறைவேறியது. அதிமுக அதை ஆதரித்து வாக்களித்தது. பெஞ்சில் இருந்த இருவர் சொன்னதும் உண்மை. ஒன்று ஓட்டு, இன்னொன்று அறிக்கை.

முதலில், உங்கள் எம்.பி. யார் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். செட்டிநாட்டில் இதிலேயே குழப்பம் வரும். சிவகங்கை மக்களவைத் தொகுதியில் காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை ஆகியவற்றோடு புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயமும் ஆலங்குடியும் சேர்ந்தவை. பொன்னமராவதிக்காரர் பட்டா, சிட்டாவுக்குப் புதுக்கோட்டை கலெக்டரிடம் போவார். எம்.பி. மட்டும் சிவகங்கை எம்.பி. 2019 முதல் அவர் கார்த்தி சிதம்பரம். மாநிலங்களவை உறுப்பினர்கள் வேறு கணக்கு. தமிழ்நாட்டுக்கு 18 பேர், எம்.எல்.ஏ.க்கள் சேர்ந்து தேர்ந்தெடுப்பவர்கள், அவர்களுக்குத் தொகுதி கிடையாது. கானாடுகாத்தானில் பிறந்த ப. சிதம்பரம் 2016-இல் மகாராஷ்டிரத்திலிருந்தும் 2022-இல் தமிழ்நாட்டிலிருந்தும் அந்த அவைக்குப் போனவர். ஆக, 2016-க்குப் பிந்தைய அவருடைய பேச்சையும் வாக்கையும் மக்களவைப் பதிவில் தேடினால் கிடைக்காது.

குரல் வாக்கும் மொய் நோட்டும்

எல்லா மசோதாவுக்கும் பெயர்ப் பட்டியல் இருக்கும் என்று நினைத்துத் தேடினால் ஏமாந்து போவீர்கள். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கில் முடிந்துவிடும். ஆதரிப்பவர்கள் "ஆம்" என்கிறார்கள், எதிர்ப்பவர்கள் "இல்லை" என்கிறார்கள். எந்தச் சத்தம் அதிகம் என்று சபாநாயகர் அறிவிக்கிறார். அதோடு சரி. யார் எந்தப் பக்கம் சத்தம் போட்டார் என்பதற்கு ஒரு பதிவும் இல்லை.

நம் பக்கத்துக் கல்யாணத்தில் மொய் எழுதும் ஏட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னார், இந்த ஊர், இவ்வளவு என்று வரிசையாக எழுதி வைப்பதால்தான் பத்து வருடம் கழித்தும் கணக்குத் தவறுவதில்லை. குரல் வாக்கு என்பது ஏடு வைக்காமல் மொய் வாங்குகிற மாதிரி. கூட்டம் நிறைய வந்தது என்று தெரியும், யார் செய்தார் என்று தெரியாது.

ஏட்டைத் திறக்க வைக்கும் வழி டிவிஷன், அதாவது எண்ணிப் பார்க்கும் வாக்கெடுப்பு, கேட்பது. சபாநாயகரின் குரல் வாக்கு முடிவை உறுப்பினர்கள் ஏற்காவிட்டால் மூன்றரை நிமிடம் மணி அடிக்கும். நடைவழிகளிலும் நூலகத்திலும் கேன்டீனிலும் இருப்பவர்கள் ஓடி வருவதற்கான அவகாசம் அது. பிறகு கதவைச் சாத்தி மறுபடி கேட்பார்கள். அப்போதும் மறுத்தால் இருக்கையில் உள்ள பொத்தானை அழுத்தி வாக்களிக்க வேண்டும். பலகையில் ஆதரவு பச்சை, எதிர்ப்பு சிவப்பு, இரண்டும் இல்லை என்றால் மஞ்சள். இந்த வாக்கெடுப்பில்தான் பெயர்கள் பதிவாகின்றன.

இதிலும் ஒரு சந்து உண்டு. தேவையில்லாமல் டிவிஷன் கேட்கிறார்கள் என்று சபாநாயகர் நினைத்தால், உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லித் தலையை மட்டும் எண்ணலாம். அப்போது பெயர் பதிவாகாது என்று விதி 367-லேயே இருக்கிறது.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று வேளாண் சட்டங்களே போதும். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டும் அவற்றில் இரண்டைக் குரல் வாக்கில்தான் நிறைவேற்றினார்கள். மூன்றாவதும் இரண்டு நாள் கழித்துக் குரல் வாக்கில்தான் நிறைவேறியது. டெல்லி எல்லையில் ஒரு வருடத்துக்கு மேல் விவசாயிகள் உட்கார்ந்திருந்த பிறகு 2021 நவம்பர் 29 அன்று அவற்றை ரத்து செய்த மசோதாவும் இரு அவைகளிலும் முறையான விவாதம் இல்லாமல் குரல் வாக்கில்தான் போனது. அவ்வளவு பெரிய சட்டங்கள். வந்தபோதும் பட்டியல் இல்லை, போனபோதும் பட்டியல் இல்லை. "நான் அன்றைக்கே எதிர்த்தேன்" என்று இன்று எந்த எம்.பி. சொன்னாலும் விவாதத்தில் அவர் பேசியதை வைத்துத்தான் சரிபார்க்க முடியும், ஓட்டை வைத்து முடியாது. என்னைக் கேட்டால், நம் நாடாளுமன்ற நடைமுறையின் பெரிய குறை இதுதான்.

அரசியலமைப்புத் திருத்த மசோதா என்றால் இந்தச் சிக்கல் இல்லை. அதை நிறைவேற்ற அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரவு வேண்டும். எண்ணாமல் முடியாது, எனவே கட்டாயம் டிவிஷன். 2023 செப்டம்பர் 20 அன்று பெண்கள் இட ஒதுக்கீட்டு மசோதாவுக்கு மக்களவையில் 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. அந்த இருவர் யார் என்று அன்றே நாட்டுக்கே தெரிந்தது.

பட்டியலைப் படிப்பது

நாடாளுமன்றத்தின் சன்சத் டாட் இன் தளத்தில் இரண்டு அவைகளின் விவாதங்களும் தேதி வாரியாக இருக்கின்றன. மசோதாவின் பெயர், நிறைவேறிய தேதி இரண்டையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். தேதியில் ஒரு விஷயம்: அவை நள்ளிரவைத் தாண்டி நடந்தால் எல்லாம் முந்தைய நாளின் அமர்வாகவே பதிவாகும். வக்பு திருத்த மசோதா மக்களவையில் 288-க்கு 232 என்று நிறைவேறியபோது 2025 ஏப்ரல் 3 பிறந்துவிட்டது. ஆனால் ஏப்ரல் 2-ஆம் தேதி விவாதத்தில்தான் தேட வேண்டும். தமிழ்ப் பெயர்களின் இனிஷியல் முன்னும் பின்னும் மாறிக் கிடக்கலாம். முழுப் பெயரைத் தட்டாமல் ஒரு பகுதியைத் தட்டித் தேடுங்கள்.

பலகையில் முதலில் வரும் எண்ணிக்கையை நம்பி வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். அது "திருத்தத்துக்கு உட்பட்டது". பொத்தான் வேலை செய்யாதவர்களும் மாற்றி அழுத்தியவர்களும் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவதற்கான அரசியலமைப்புத் திருத்த மசோதாவை 2024 டிசம்பர் 17 அன்று அறிமுகம் செய்தபோது பலகை காட்டியது 220-க்கு 149. சீட்டுகளைச் சேர்த்தபின் 269-க்கு 198. அன்று இரண்டு கணக்குமே ஊரில் சுற்றின. இரண்டாவதுதான் சரி. அறிமுகத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். அதே 467 பேர் வந்து நிறைவேற்றுவதாக இருந்தால் 312 வேண்டியிருக்கும்.

அப்புறம், பட்டியலில் இல்லாத பெயர். அவர் அன்று ஊரிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம், வெளிநடப்புச் செய்திருக்கலாம். பட்டியலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிய விவாதத்தை மேலே தள்ளிப் பாருங்கள். "இந்தக் கட்டத்தில் இன்னாரும் வேறு சில உறுப்பினர்களும் அவையை விட்டு வெளியேறினார்கள்" என்று ஒரு வரி கிடக்கும். 2016 ஆகஸ்டில் ஜிஎஸ்டி அரசியலமைப்புத் திருத்தம் மாநிலங்களவையில் 203-க்கு பூஜ்யம் என்று நிறைவேறியது. எண்களை மட்டும் பார்த்தால் எல்லோருக்கும் சம்மதம் போலத் தெரியும். உண்மையில் அதிமுக வெளிநடப்புச் செய்திருந்தது.

பேச்சைப் படிக்கும்போது நட்சத்திரக் குறியைக் கவனியுங்கள். தமிழில் பேசியது ஆங்கில மொழிபெயர்ப்பாக இருந்தால் ஒரு குறி. நேரமில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பேச்சாக இருந்தாலும் ஒரு குறி. பட்ஜெட் விவாதத்தில் இது சகஜம். "அவையில் முழங்கினார்" என்று போஸ்டர் அடித்திருப்பார்கள், போய்ப் பார்த்தால் மேசையில் வைத்த காகிதமாக இருக்கும். அவைக்குறிப்பிலிருந்து நீக்கிய சொற்களும் அறிக்கையில் வராது. செல்போனில் சுற்றும் வீடியோவில் இருந்து, அறிக்கையில் இல்லையென்றால் அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

அந்த ஓட்டு யாருடையது?

இங்கேதான் நியாயமாகப் பார்க்க வேண்டும். 1985-இல் 52-ஆவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணை வந்தது. அதுதான் கட்சித் தாவல் தடைச் சட்டம். கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ பதவி போகலாம். 15 நாளுக்குள் கட்சி மன்னித்தால்தான் தப்பலாம். கொறடா உத்தரவு வந்துவிட்டால் எம்.பி. தன் மனசுக்கு ஓட்டுப் போடுவதில்லை, கட்சி சொன்ன பக்கம்தான் போடுகிறார்.

இதற்கு நம்ம ஊர்க்காரர் ஒருவரே உதாரணம். தனிநபரைப் பயங்கரவாதி என்று அரசே அறிவிக்க வழி செய்யும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புத் திருத்த மசோதா 2019 ஜூலையில் மக்களவைக்கு வந்தபோது காங்கிரஸ் வெளிநடப்புச் செய்தது. 287-க்கு 8 என்று நிறைவேறியது. ஆகஸ்ட் 2 அன்று மாநிலங்களவையில் ப. சிதம்பரம் அந்தப் பிரிவை எதிர்த்து விரிவாகப் பேசினார். கடைசியில் கட்சி மசோதாவை ஆதரித்து வாக்களித்தது. 147-க்கு 42. பேச்சை மட்டும் படித்தவர் காங்கிரஸ் எதிர்த்தது என்பார், வாக்குக் கணக்கை மட்டும் பார்த்தவர் ஆதரித்தது என்பார். மக்களவைக் கணக்கைப் பார்த்தவருக்கு இரண்டுமே இல்லை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஐந்தொகை சேரும்.

ஆளின் சொந்தச் சரக்கு என்ன என்று அறிய வேறு இடம் பார்க்க வேண்டும்: அவர் கேட்ட கேள்விகள், அரசு சார்பில் இல்லாமல் தானே கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள், திருத்தங்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகளும் எழுத்துப் பதிலுக்கு 230 கேள்விகளும் குலுக்கலில் தேர்வாகும். கேள்வியும் பதிலும் அதே தளத்தில் உறுப்பினர் பெயரில் கிடைக்கும். பல்லவன் எக்ஸ்பிரஸ் பற்றிக் கேட்டாரா, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் பற்றிக் கேட்டாரா, வரி, வெளியுறவு, கல்வி பற்றியும் கேட்டாரா என்று பார்த்தால் அவருக்கு எதில் அக்கறை என்று ஓரளவு பிடிபடும். நாம் ரயில் நிற்பதை வைத்தே எம்.பி.யை எடை போட்டுப் பழகியவர்கள், அதையும் சொல்ல வேண்டும்.

பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற அமைப்பு எம்.பி.க்களின் வருகை, விவாதம், கேள்வி, தனிநபர் மசோதா எல்லாவற்றையும் தொகுத்துத் தருகிறது. நல்ல வசதி. ஆனால் வருகை என்பது அன்று அவைக்கு வந்ததற்கான பதிவு, வாக்கெடுப்பு நேரத்தில் இருந்தாரா என்பதல்ல. அமைச்சர்கள் அந்த வருகையைப் பதிவு செய்வதில்லை, கேள்வியும் கேட்பதில்லை. 2004 முதல் 2014 வரை சிவகங்கை எம்.பி.யாக இருந்த ப. சிதம்பரம் மத்திய அமைச்சர். அந்தப் பத்து வருடத்துக்கு இந்தக் கணக்கில் அவரைத் தேடிப் பயனில்லை.

தொகுதி மேம்பாட்டு நிதி, வருடத்துக்கு 5 கோடி, இதில் சேராது. நிழற்குடை கட்டியது ஓட்டுப் பதிவு அல்ல.

தளத்தில் கிடைக்காததை மக்களவைச் செயலகத்திடமோ மாநிலங்களவைச் செயலகத்திடமோ தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் தருவார்கள். "ஏன் அப்படி ஓட்டுப் போட்டார்" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஏன் என்பதை எம்.பி.யிடம்தான் கேட்க வேண்டும். அவர் பதில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இல்லை. அவையில் பேசியதற்கும் வாக்களித்ததற்கும் நீதிமன்றத்தில் வழக்குப் போடவும் முடியாது, 105-ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு அது. லஞ்சம் வாங்கிக்கொண்டு போட்ட ஓட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனாலும் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம், ஊருக்கு வரும்போது நேரிலேயே கேட்கலாம். மசோதாவின் பெயர், தேதி, எத்தனைக்கு எத்தனை என்ற கணக்கு, இந்த மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். "அப்படியெல்லாம் எதுவும் நடக்கலையே" என்ற பதில் வந்தால் சீட்டை நீட்டலாம்.