குழுமயக்கம்

போன வருடம் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்காக ஜார்ஜ்டவுனில் 11 பேர் கூடினோம். "தயிர்சாதம் 600 பொட்டலம், விடியற்காலையிலேயே கட்டிடலாம், சரிதானே?" என்றார் தலைவர். பினாங்கு வெயிலில் மதியம் அது என்னாகும் என்று எனக்குத் தெரியும். சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். குறிப்பேட்டில் 'ஏகமனதாக' என்று ஏறிவிட்டது. அப்புறம் கீழே தே தாரிக் குடிக்கும்போது மூன்று பேர் சொன்னார்கள்: "எனக்கும் அப்பவே தோணுச்சு." பூசத்தன்று பாதிக்கு மேல் புளித்துப்போய்க் கொட்டினோம். சோற்றைக் கொட்டிய அந்த நிமிடம் இன்னும் மனசை அறுக்கிறது.

இதற்குப் பெயர் 'குரூப்திங்க்'. 1952இல் வில்லியம் ஒயிட் 'ஃபார்ச்சூன்' இதழில் எழுதிய சொல். அதை உளவியல் கலைச்சொல்லாக நிலைநிறுத்தியவர் யேல் பல்கலைக்கழகத்தின் இர்விங் ஜானிஸ், 1972இல். நெருக்கமான குழுவில் ஒற்றுமை கெடக்கூடாது என்ற எண்ணம் மேலோங்கி, தீர விசாரிக்கும் புத்தி அடங்கிப்போவதுதான் அது. 1961இல் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் அமெரிக்க ஆதரவோடு நடந்து தோற்ற படையெடுப்பை அவர் உதாரணமாகக் காட்டினார். அமெரிக்க அதிபர் கென்னடியைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள். அவர்களில் ஆர்தர் ஷ்லெசிங்கர் எதிர்ப்பை எழுதிக் கொடுத்தும் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. பிறகு அதற்காக வருந்தினார்.

தமிழில் 'குழுச்சிந்தனை' என்று எழுதுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. பத்துப் பேர் கூடி நன்றாக யோசிப்பதுபோல் ஒலிக்கிறது, நடப்பதோ நேர்மாறு. 'மந்தைப்புத்தி' தெருக்கூட்டத்துக்குப் பொருந்தும், செயற்குழுவுக்குப் பொருந்தாது. 'ஒத்தூதுதல்' அருமையான சொல். நாயனக்காரர் பக்கத்தில் ஒரே சுரத்தை விடாமல் ஊதும் 'ஒத்து' என்ற குழலிலிருந்து வந்தது. ஆனால் ஒத்தூதுகிறவருக்குத் தான் செய்வது தெரியும். இங்கேயோ, தன் சந்தேகமே தப்போ என்று தோன்றிவிடுகிறது.

அதனால்தான் 'குழுமயக்கம்' என்கிறேன். மயக்கம் என்றால் தலைசுற்றல் மட்டுமல்ல. அறிவு தடுமாறுவதும் மயக்கம், ஒன்றோடொன்று கலப்பதும் மயக்கம். இலக்கணத்தில் திணைமயக்கம், மெய்ம்மயக்கம் என்பதெல்லாம் இந்தக் கலப்புதான். ஆள் குழுவில் கலக்கிறான், அறிவு கலங்குகிறது. இரண்டையும் ஒரே சொல் சொல்லிவிடுகிறது.

மாற்று மருந்துக்கும் பழைய சொல் உண்டு: 'இடிப்பார்', அதாவது தவறை இடித்துச் சொல்பவர். அப்படி ஒருவர் பக்கத்தில் இல்லாத அரசன், கெடுக்க யாரும் இல்லாவிட்டாலும் கெடுவான் என்கிறது 448ஆம் குறள். 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லிச் சோதித்தார். சுற்றி இருந்தவர்கள் பேசிவைத்துத் தப்பான விடை சொல்ல, நால்வரில் மூவர் ஒரு தடவையாவது அதற்கு ஒத்துப்போனார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும் போதும், ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது.

இந்த வருடக் கூட்டத்தில் ஓர் அக்கா, "தம்பி, எனக்கு இது சரியாப் படல. பத்து மணிக்கு மேல பாதியக் கலப்போம்" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் தலைவர் குறிப்பேட்டில் 600ஐ அடித்துவிட்டு, 300, 300 என்று இரண்டு வரியாக எழுதினார்.