சிறிய மாற்றுப் பள்ளியை எண்களால் எடைபோடும்போது

கலிஃபோர்னியாவில் பள்ளித் தரவுகளை ஆராய்வது என் தொழில் என்பதால், மாற்று உயர்நிலைப் பள்ளியாக நடக்கும் சிறிய சார்ட்டர் பள்ளிகளை (அரசு நிதியில், தனி ஒப்பந்த அனுமதியின் பேரில் தன்னிச்சையாக இயங்கும் பள்ளிகளை) பற்றிப் பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. பள்ளிகளின் நிலையை நிறங்களால் காட்டும் மாநிலக் கல்வித் துறையின் இணையத்தளமான டாஷ்போர்டில், மிகத் தாழ்ந்த நிலையைக் குறிக்கும் சிவப்பு நிறத்தைக் கண்டதுமே பலர் அந்தப் பள்ளியை ஒதுக்கிவிடுகிறார்கள். வேறெங்கும் படிப்பைத் தொடர முடியாத பிள்ளைக்கு அந்த அவசர முடிவு பெரும் இழப்பாகிவிடும்.

முதலில் பட்டம் பெறுவோர் விகிதத்தைப் பார்ப்போம். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் நான்கே ஆண்டுகளில் டிப்ளமோ (உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழ்) பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதே இதன் அடிப்படை. ஒரு மாணவர் பள்ளி மாறினால் அவர் பழைய பள்ளியின் கணக்கிலிருந்து நீங்கிப் புதிய பள்ளியின் கணக்கில் சேர்ந்துவிடுவார். ஆகவே, மூன்று ஆண்டுகள் வேறிடத்தில் கிரெடிட் (பாடங்களை முடித்ததற்கான மதிப்பலகு) சேராமல் தவித்து, பதினேழு வயதில் மாற்றுப் பள்ளிக்கு வந்தவர் ஐந்தரை ஆண்டில் படிப்பை முடித்தாலும், நான்காண்டுக் கணக்கில் அது அந்த மாற்றுப் பள்ளியின் தோல்வியாகவே பதிவாகும். 2015ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விச் சட்டப்படி இந்த விகிதம் 67 சதவீதத்துக்குக் கீழே போகும் உயர்நிலைப் பள்ளிகள் சிறப்பு உதவி தேவைப்படுபவை என அடையாளம் காணப்படுகின்றன. 1992இல் மினசோட்டாவின் செயின்ட் பாலில் திறக்கப்பட்ட அமெரிக்காவின் முதல் சார்ட்டர் பள்ளியே இடைநின்ற மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது.

அடுத்தது மாணவர் எண்ணிக்கை. நாற்பது பேர் கொண்ட இறுதியாண்டு வகுப்பில் நான்கு பேரின் நிலை மாறினாலே விகிதம் 10 சதவீதப் புள்ளிகள் ஏறும் அல்லது இறங்கும். அதை வைத்துப் பள்ளி முன்னேறியது என்றோ சரிந்தது என்றோ சொல்ல முடியாது. முப்பது பேருக்குக் குறைந்த பிரிவுக்கு டாஷ்போர்டு நிறம் தருவதில்லை. பத்துப் பேரோ அதற்குக் குறைவோ உள்ள பிரிவின் விவரம் மாணவர்களின் தனியுரிமைக்காக மறைக்கப்படுகிறது. அந்த வெற்றிடத்தைச் சுழியம் என்று படித்துவிடக் கூடாது. மூன்று, நான்கு ஆண்டுகளின் சதவீதங்களைச் சராசரி எடுக்காமல், மாணவர் எண்ணிக்கைகளைக் கூட்டி ஒரே விகிதமாகக் கணக்கிடுவதே என் வழக்கம்.

ஒப்பீட்டுக்கு அருகிலுள்ள பெரிய பொதுப்பள்ளி பொருந்தாது. இடைநின்று திரும்பியவர்கள், கிரெடிட் பின்தங்கியவர்கள், வீடற்றவர்கள், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ளவர்கள் போன்றோர் குறைந்தது 70 சதவீதம் இருக்கும் பள்ளிகளுக்கு மாநிலம் தனி மாற்றுப் பள்ளித் தகுதி வழங்குகிறது. அந்தத் தகுதி பெற்ற பள்ளிகளோடுதான் ஒப்பிட வேண்டும். மாநிலக் கல்வித் துறையின் தரவுத் தளமான டேட்டாகுவெஸ்டில் கிடைக்கும் நிலைத்திருப்பு விகிதத்தையும் (ஆண்டின் நடுவில் விலகாமல் அதே பள்ளியில் நீடித்தோர் விகிதம்), பள்ளி நாள்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராதோர் விகிதத்தையும் சேர்த்துப் பாருங்கள். உயர்நிலை வகுப்புகளின் வராமை டாஷ்போர்டில் இராது என்பதால் பலர் அதைத் தவறவிடுகிறார்கள்.

இதனால் எல்லா மாற்றுப் பள்ளிகளையும் காப்பாற்றிப் பேசுவதாக எண்ண வேண்டாம். சேரும் பிள்ளைகளின் துயரத்தைக் காரணம் காட்டி, பாடமே நடத்தாமல் கிரெடிட் வழங்கும் பள்ளி அவர்களுக்கு இரண்டாம் முறை அநீதி இழைக்கிறது. அதனால் ஆண்டுத் தணிக்கை அறிக்கையையும், சார்ட்டர் புதுப்பிப்பு விண்ணப்பத்தையும், நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். அந்தக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆண்டின் நடுவில் விலகிய மாணவர்கள் எங்கே சேர்ந்தார்கள் என்று தலைமையாசிரியரிடம் நேரில் கேளுங்கள்.