உடம்பு எப்படி இருக்கிறது? வாயும் பதில் சொல்கிறது

"பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி?" முதியோர் ஆய்வுகளில் தவறாமல் வரும் கேள்வி இது. நன்று, சுமார், மோசம் என்று ஒரு சொல் போதும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குக் கனம் அதிகம். எலன் இட்லர், யாயல் பென்யாமினி இருவரும் 1997இல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில், இருக்கிற நோய்களையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும், "மோசம்" என்றவர்களுக்கே இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது.

அந்தச் சொல்லை மனம் எங்கிருந்து எடுக்கிறது? ரத்த அழுத்தம் ஏறியிருப்பது பெரும்பாலும் நமக்குத் தெரிவதில்லை. கடைவாய்ப் பல் இல்லாதது ஒவ்வொரு வாய்ச் சோற்றிலும் தெரியும்.

பல் வேரைத் தாடை எலும்போடு கட்டிவைத்திருக்கும் மெல்லிய நாரில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்று மூளைக்குச் சொல்பவை அவை. பல்லைப் பிடுங்கினால் அவையும் போய்விடும். முழுப் பல்செட் போட்டவரின் கடிக்கும் வலு, சொந்தப் பல் உள்ளவரின் வலுவில் ஏறக்குறைய கால் பங்குதான். கொட்டைகள், பச்சைக் காய்கறி, இறைச்சி எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டைவிட்டு விலகுகின்றன. புரதம் குறைந்தால் தசை மெலியும். அந்தத் தளர்ச்சியை அவர் வயதின் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

வாய் உலர்ந்துபோவதும் அப்படித்தான். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை சுரக்கும் உமிழ்நீரை ரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை ஆகியவற்றுக்கான சில மாத்திரைகள் குறைத்துவிடும். உமிழ்நீரில் கரையாத உணவு ருசிக்காது. பல்செட்டும் ஈறில் ஒட்டி நிற்காது.

வாய்க்கும் உடலுக்கும் உள்ள இந்தத் தொடர்பு ஒரே திசையில் போவதல்ல. ஈறுநோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். சர்க்கரை ஈறுநோயை முற்றவைக்கும். புகையும் வறுமையும் வாயையும் உடலையும் சேர்த்தே கெடுக்கும். ஆகவே பல்லைச் சரிசெய்தால் உடம்பைப் பற்றிய எண்ணம் தானாக மாறிவிடும் என்று நான் சொல்லமாட்டேன்.

என்னை வருத்துவது வேறொன்று. ஒரு முதியவரின் வாயில் நாலைந்து சொத்தைப் பல் இருக்கும். கேட்டால் "வயசுக்கு இது போதும்" என்பார். பழகிப்போன குறை குறையாகவே தெரிவதில்லை. 1990இல் கேத்ரின் அட்சிசனும் தெரசா டோலனும் முதியோருக்காக அமைத்த 12 கேள்விகள் அதனால்தான் எனக்குப் பிடிக்கும். பல் நன்றாக இருக்கிறதா என்பதோடு அவை நிற்பதில்லை. பல் தொல்லையால் எத்தனை முறை உணவைக் குறைத்துக்கொண்டீர்கள், பிறர் முன்னால் சாப்பிடக் கூசினீர்களா, மனிதர்களைப் பார்ப்பதைத் தவிர்த்தீர்களா என்று கேட்கின்றன.