மும்மடங்கு எதிர்மறையா, மூவேற்பியிலியா?

மார்பகப் புற்றுநோய் பற்றிய தமிழ்க் கையேடுகளில் 'மும்மடங்கு எதிர்மறை' என்ற தொடரைப் பல முறை கண்டும் பேசாமல் கடந்திருக்கிறேன். சென்ற மாதம் என் சித்தி அத்தகைய கையேடு ஒன்றை நீட்டி, அந்த வரியின்மேல் விரலை வைத்தபடி, "மத்தவங்களைவிட எனக்கு மூணு பங்கு முத்திப்போச்சா?" என்று கேட்டார். அருகிலிருந்த சித்தப்பாவோ, கொரோனாக் காலத்து நினைவில், "நெகட்டிவ்னா நல்லதுதானே?" என்றார். இருவர் புரிந்துகொண்டதும் தவறு; இரண்டுக்கும் அந்தத் தொடரே காரணம்.

ஆங்கிலத்தில் இது டிரிபிள் நெகட்டிவ். நெகட்டிவ் என்பது மறுத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆய்வக வழக்கில் 'தேடியது தென்படவில்லை' என்பதே அதன் பொருள். கட்டியிலிருந்து எடுத்த திசுவை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றிப் பார்க்கும்போது, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் வந்து பற்றும் புரதங்களான ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோ புரோஜெஸ்டிரோன் ஏற்பியோ இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பாகும். செல் வளரத் தூண்டும் ஹெர்2 என்ற ஏற்பி மிகுந்திருந்தால் செல்லின் விளிம்பு முழுதும் பழுப்புக் கோடு ஓடும். இம்மூன்றில் எதுவும் தென்படாத புற்றே இவ்வகை.

ஆகவே இங்கே மூன்று என்பது எண்ணிக்கை, மடங்கு அன்று. மும்மடங்கு என்றால் ஒன்று மூன்று பங்காகப் பெருகியது என்றுதான் தமிழ் அறிந்த எவரும் கொள்வர். எதிர்மறை என்பதற்கு இலக்கண ஆதரவு உண்டே என்பார்கள். உண்மைதான், 'ஓடாக் குதிரை' எதிர்மறைப் பெயரெச்சம். ஆனால் எதிர்மறை எண்ணம், எதிர்மறை விமர்சனம் என்று நாள்தோறும் எழுதிப் பழகியபின், அச்சொல் தீயது என்ற நிறத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. நோயாளியின் கையில் கொடுக்கும் தாளில் அந்த நிறம் வேண்டாம். இல்லாததைச் சொல்லத் தமிழில் 'இலி' இருக்கிறது. முடிவிலி என்று பள்ளிக் கணக்கிலேயே படிக்கிறோம். மூவுலகு போல மூவேற்பி. அவை இல்லாதது மூவேற்பியிலி. கையேட்டிலும் மருத்துவர் பேச்சிலும் 'மூன்று ஏற்பிகளும் இல்லாத வகை' என்று விரித்தே சொல்லலாம்.

இதற்கும் ஒரு தடை எழலாம். ஹெர்2 சிறிதளவு இருந்தாலும் மிகையாக இல்லாவிட்டால் நெகட்டிவ் என்றே எழுதுகிறார்கள். அந்த நுணுக்கத்தை 'எதிர்மறை'யும் சொல்வதில்லை என்பதால் என் தேர்வு மாறவில்லை. அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைப்பவர்கள், ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு முறை கேட்டிருந்தால் இந்த மும்மடங்கு பிறந்தே இருக்காது.

பெயரில் பிழை நேர்ந்தால் பிழைக்கும் வாய்ப்பைப் பற்றிய எண்ணமும் பிறழ்கிறது. இவ்வகையில் இந்த ஏற்பிகளைப் பற்றி வேலைசெய்யும் டமாக்சிஃபென், டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகளுக்குப் பற்றுமிடம் இல்லை என்பதும், முதல் 3 ஆண்டுகளில் நோய் திரும்பும் அபாயம் கூடுதல் என்பதும் மெய். ஆனால் 5 ஆண்டுகள் கடந்தபின் அந்த அபாயம் வெகுவாகக் குறைகிறது. அறுவைக்கு முன் தரும் கீமோவில் புற்றுச் செல்கள் அறவே மறைந்தவர்களுக்கு வாய்ப்பு மிக நன்றாகவே இருக்கிறது. 'மும்மடங்கு' என்று படித்தவருக்கு இவற்றில் எதுவும் காதில் ஏறாது.

கையேட்டில் அத்தொடரை அடித்துவிட்டு 'மூன்று ஏற்பிகளும் இல்லாத வகை' என்று எழுதிக் கொடுத்தேன். சித்தி இருமுறை படித்துவிட்டு, "அப்போ எனக்கு எந்த மருந்து கேட்கும்?" என்றார்.