பாட்டிலுக்குப் பை மாட்டிய பிறகு

நண்பர்கள் ஆறு பேர் சாப்பிட வருகிறார்கள். மேசையில் நான்கு ஒயின் பாட்டில்கள். ஒவ்வொன்றுக்கும் பழுப்புக் காகிதப் பை, கழுத்தில் ரப்பர் பேண்ட், பையின் மேல் பேனாவால் எழுதிய எண். எது விலை கூடியது, எது மலிவு என்று யாருக்கும் தெரியாது. குடித்துப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும், அவ்வளவுதான். விளையாட்டுதான் இது. ஆனால் பைக்குள் போவது லேபிள் மட்டும் இல்லை, ருசியில் ஒரு பங்கும் அதோடு போய்விடுகிறது.

பிரான்சில் ஒயின் தயாரிப்பைப் பாடமாகவே படிக்கும் மாணவர்கள் 54 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. முடிவுகள் 2001-ல் வெளிவந்தன. முதலில் ஒரு வெள்ளை ஒயினையும் ஒரு சிவப்பு ஒயினையும் கொடுத்து, வாசனையை விவரிக்கச் சொன்னார்கள். அடுத்த முறை அதே வெள்ளை ஒயின் ஒரு கிளாஸில் அப்படியே வந்தது. இன்னொரு கிளாஸில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து வந்தது. சாயம் போட்ட வெள்ளை ஒயினுக்கு மாணவர்கள் எழுதியதெல்லாம் சிவப்பு ஒயினுக்கு எழுதும் சொற்கள். கண் சொன்னதை மூக்கு வழிமொழிந்துவிட்டது.

இதைக் கேட்டதும் 'ஒயின் நிபுணர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள்' என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடு இல்லை. வாசனைக்குப் பெயர் வைப்பது எல்லோருக்குமே கடினம். நன்றாகத் தெரிந்த வாசனைகூட மூக்கு நுனியில் நிற்கும், பெயர் வாய்க்கு வராது. அப்போது மூளை பக்கத்தில் கிடைக்கும் துப்பை எடுத்துக்கொள்கிறது: நிறம், பாட்டிலின் கனம், விலை.

விலை எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பதை அமெரிக்காவில் 2008-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 20 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, குழாய் வழியாக ஒயினை வாயில் விட்டார்கள். ஐந்து ஒயின்கள் என்று சொன்னார்கள், உண்மையில் இருந்தவை மூன்று. 90 டாலர் ஒயின் ஒரு முறை அதே விலையிலும், இன்னொரு முறை 10 டாலர் என்ற பெயரிலும் வந்தது. விலை அதிகம் என்று கேட்டபோது பிடித்தமும் கூடியது. அதோடு, இன்பத்தை எடைபோடும் முன்மூளைப் பகுதியின் செயல்பாடும் கூடியது. நாக்கிலிருந்து வரும் செய்தியை முதலில் வாங்கும் பகுதியில் அப்படி மாற்றம் தெரியவில்லை. ஆக, அவர்கள் நடிக்கவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே நன்றாக இருந்திருக்கிறது!

சரி, லேபிளை மூடியாகிவிட்டது. இப்போது வாயில் என்ன நடக்கிறது? மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். புளிப்பு தெரியும், கொஞ்சம் இனிப்போ கசப்போ தெரியும். பிடியை விட்டதும் பழம், மரம், பூ எல்லாம் ஒரே அடியாக வந்து இறங்கும். ஒயினிலிருந்து ஆவியாகும் மூலக்கூறுகள் தொண்டையின் பின்பக்கமாக ஏறி மூக்குக்குள் போகின்றன. அங்கே ஏறக்குறைய 400 வகை வாசனை ஏற்பிகள் காத்திருக்கின்றன. இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991-ல் கண்டறிந்ததற்காகத்தான் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒயினின் ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல் சுழற்றுவது அந்த ஆவிக்கு இடம் கொடுக்கத்தான்.

எல்லோருடைய மூக்கும் ஒரே மாதிரி இல்லை. ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் சில சமயம் மிளகு வாசனை வரும். அதற்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற பொருள் என்று 2008-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். மிளகுக்கு மிளகு வாசனை தருவதும் அதே பொருள்தான். அவர்கள் சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அது அறவே தெரியவில்லை. மேசையில் ஒருவர் 'மிளகு' என்பார், பக்கத்தில் இருப்பவர் 'எங்கே?' என்பார். இரண்டு பேருமே சரி.

துவர்ப்பு வேறு கதை. அறுசுவையில் நாம் அதையும் சேர்த்து எண்ணுகிறோம், ஆனால் அறிவியல் அதைப் பெரும்பாலும் தொடு உணர்வு என்கிறது. எச்சிலில் சில புரதங்கள் இருக்கின்றன, வாய்க்கு அவைதான் எண்ணெய் போட்டது மாதிரி வழுவழுப்பைத் தருகின்றன. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின் இந்தப் புரதங்களைப் பிடித்துத் திரளவைத்துவிடும். வழுவழுப்பு போய், நாக்கு மேலண்ணத்தில் உரசும். ஈறு இறுகியது போல இருக்கும்.

இந்த உரசல் ஒரு வாயோடு தீராது, வாய்க்கு வாய் ஏறிக்கொண்டே போகும். எல்லோரும் 1, 2, 3, 4 என்று வரிசையாகக் குடித்தால், நான்காம் ஒயின் செய்யாத குற்றத்துக்கு அடி வாங்கும். அதனால் ஆளுக்கொரு வரிசை கொடுங்கள். இடையில் தண்ணீர், ஒரு துண்டு வெறும் ரொட்டி, இரண்டு நிமிட ஓய்வு. துப்புவதற்கு ஒரு குவளையும் வையுங்கள். நான்காவது கிளாஸுக்குள் தலை கிறுகிறுத்தால் மதிப்பெண் தாளுக்கு அர்த்தமில்லை.

அப்புறம், பை மட்டும் போதாது. போர்தோ, பர்கண்டி இரண்டும் பிரான்சின் ஒயின் வட்டாரங்கள். போர்தோ பாட்டிலின் தோள் நிமிர்ந்திருக்கும், பர்கண்டி பாட்டிலின் தோள் சரிந்திருக்கும். பையோடு தொட்டாலே தெரிந்துவிடும். திருகு மூடி 'டக்' என்று உடைபடும் சத்தமும் காட்டிக்கொடுக்கும். சமையலறையிலேயே திறந்து, ஒரே மாதிரி கிளாஸ்களில் ஊற்றி எடுத்து வருவது நல்லது. குளிர்ச்சியும் ஒன்றாக இருக்கட்டும். ஒரே சிவப்பு ஒயின் அதிகம் குளிர்ந்தால் வாசனை அடங்கி, துவர்ப்பு தூக்கலாகும். விருந்து கொடுப்பவரும் குடிப்பதாக இருந்தால் ஒருவர் பை மாட்டட்டும், இன்னொருவர் அதைப் பார்க்காமல் எண் போடட்டும். தெரிந்தவரின் புருவம் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தாலே மற்றவர்களுக்குப் போதும்.

மதிப்பெண்ணைவிட எனக்குப் பிடித்தது மூன்று கிளாஸ் சோதனை. இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. வேறானது எது என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கை காட்டினாலும் மூன்றில் ஒரு முறை சரியாக இருக்கும். அதனால் ஆறு பேரில் இரண்டு பேர் சரியாகச் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. நான்கு பேர் சொன்னாலும் சந்தேகம்தான், குருட்டாம்போக்கில் நான்கோ அதற்கு மேலோ அமைய 10 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஐந்து பேர் சொல்லிவிட்டால் அந்த வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும், வித்தியாசம் இருப்பதாக நம்பலாம். நீங்கள் இரட்டிப்பு விலை கொடுத்து வாங்கிய ஒயின் இதில் தோற்றால் கொஞ்சம் வலிக்கும்.

வாயைத் திறக்கும் முன் எல்லோரும் எழுதிவிட வேண்டும். முதலில் பேசுபவர் 'செர்ரி' என்றால் மேசை முழுவதும் செர்ரி மணக்கும். எழுதிய தாள்களையும் உடனே வாங்கிவிடுங்கள். 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி பிரெஞ்சு ஒயின்களையும் அமெரிக்காவின் கலிபோர்னியா ஒயின்களையும் மோதவிட்டு நடத்திய சோதனையில், லேபிள் தெரியாமல் குடித்த பிரெஞ்சு நடுவர்கள் வெள்ளை, சிவப்பு இரண்டிலும் கலிபோர்னியா ஒயினுக்கே முதலிடம் கொடுத்தார்கள். முடிவு தெரிந்ததும் ஒரு நடுவர் தன் தாளைத் திருப்பிக் கேட்டார்.

இதெல்லாம் சாப்பாட்டுக்கு முன். பிறகு சீஸோ இறைச்சியோ வந்தால் கணக்கு மாறும். டானினுக்குப் பிடித்துக்கொள்ள எச்சிலைத் தவிர வேறு புரதமும் கிடைக்கிறது, கொழுப்பு வாயை மறுபடி வழுவழுப்பாக்குகிறது. சற்று முன் முரட்டுத்தனமாக இருந்த மூன்றாம் எண் இப்போது சாதுவாகிவிடும். பையைக் கழற்றாமல் இன்னொரு தாளில் இன்னொரு மதிப்பெண் போடச் சொல்லுங்கள்.

அதன் பிறகு பைகளைக் கழற்றலாம். பாட்டிலில் மிச்சம் இருந்தால், லேபிளைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் குடித்து, மூன்றாவது முறையாக எழுதச் சொல்லுங்கள். எத்தனை பேரின் எண் நகர்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.