மூன்றில் ஒரு பங்கை எண்ணியது யார்?

சென்ற கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். 2014 முதல் 2016 வரை அமெரிக்காவில் அதிகம் வசூலித்த படங்களில் பெண்கள் திரையில் தெரிகிற நேரம் 36 சதவீதம், அவர்கள் குரல் கேட்கிற நேரம் 35 சதவீதம் என்று. ஒரு வாசகி விடவில்லை. பிளஸ் டூ படிக்கும் மகனோடு உட்கார்ந்து வொண்டர் வுமன் என்ற சூப்பர்ஹீரோ படத்தைப் பார்த்திருக்கிறார். பார்த்து முடித்ததும் மகன் கேட்டானாம்: "இதையெல்லாம் யாரும்மா எண்ணினாங்க? ஸ்டாப்வாட்ச் வெச்சுக்கிட்டா?"

அருமையான கேள்வி. ஸ்டாப்வாட்ச் இல்லை தம்பி. எண்ணியது ஒரு கணினி. அது எண்ணும் விதத்தை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் எண்ணவேண்டிய தேவை ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர்ஹீரோக் குழுவை வைத்து மார்வெல் நிறுவனம் வெளியிட்ட காமிக்ஸின் முதல் இதழ் 1963இல் வந்தது. குழுவைத் தொடங்கியவர்கள் ஐந்து பேர்: அயர்ன் மேன், தோர், ஹல்க், ஆன்ட் மேன், வாஸ்ப். வாஸ்ப் பெண். குழுவுக்கு 'அவெஞ்சர்ஸ்' என்று பெயர் சூட்டியதே அவள்தான். 2012இல் படம் வந்தபோது குழுவில் ஆறு பேர். பிளாக் விடோ மட்டுமே பெண். பெயர் வைத்த வாஸ்ப் படத்திலேயே இல்லை. அவள் பெயர் ஒரு படத் தலைப்பில் வர 2018 ஆனது. தனியொரு பெண்ணை நாயகியாக வைத்து மார்வெல் ஸ்டுடியோஸ் தன் படத்தொடரில் எடுத்த முதல் படமான கேப்டன் மார்வெல் 2019இல் வந்தது. அந்தத் தொடரில் அது 21ஆவது படம்.

காரணம் என்ன? 2014இல் மார்வெலின் தலைமைச் செயல் அதிகாரி சோனி நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சல் ஒன்று பின்னர் கசிந்தது. அதில் எலெக்ட்ரா, கேட்வுமன், சூப்பர்கேர்ள் என மூன்று படங்களைப் பட்டியலிட்டு, பெண் நாயகிப் படங்கள் தோற்றதற்கு உதாரணமாகக் காட்டியிருந்தார். முப்பது ஆண்டுகளில் மூன்று படம்! பள்ளி ஆய்வகத்தில் மூன்று அளவீட்டை வைத்து ஒரு விதி எழுதினால் ஆசிரியர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். 2011இல் கிரீன் லான்டர்ன் தோற்றபோது ஆண் நாயகர்களை வைத்துப் படம் எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பூனை குறுக்கே போனதால் காரியம் கெட்டது என்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டுமே எண்ணிப் பார்க்காததால் உயிரோடு இருக்கிற நம்பிக்கைகள். வொண்டர் வுமன் 2017இல் வந்து 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்த பிறகுதான் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது.

எண்ணும் முயற்சிகள் பழையவை. இரண்டு பெண்கள் இருக்கிறார்களா, ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களா, ஆணைப் பற்றி அல்லாமல் வேறெதையாவது பேசுகிறார்களா என்று கேட்கும் பெக்டெல் சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது 1985இல் அலிசன் பெக்டெல் வரைந்த ஒரு காமிக்ஸில்தான் பிறந்தது. ஆனால் அதற்கு ஆம், இல்லை என்ற இரண்டு விடைகள்தான். நேரத்தை அளக்க அது உதவாது.

நடிகை ஜீனா டேவிஸ் தன் சின்ன மகளோடு குழந்தைகள் நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போது அவற்றில் ஆண் பாத்திரங்களே நிறைந்திருப்பதைக் கவனித்து, 2004இல் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். முதலில் மனிதர்கள் பார்த்துப் பார்த்துக் குறித்தார்கள். பிறகு தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேச்சாய்வுக் கூடத்தோடு கைகோத்து, கூகுளின் அறக்கொடை நிதியில், தானாக எண்ணும் மென்பொருள் உருவானது. அந்த ஆய்வுக் கூடத்தின் தலைவர் ஸ்ரீகாந்த் நாராயணன், நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

முகத்தை எண்ணுவது உங்கள் போன் கேமரா தினமும் செய்கிற வேலைதான். வொண்டர் வுமன் 141 நிமிடம் ஓடும். நொடிக்கு 24 சட்டகம் என்றால் மொத்தம் இரண்டு லட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றிலும் முகம் தேடி, ஆணா பெண்ணா என ஊகித்து, அடுத்த சட்டகத்தில் அதே முகத்தைத் தொடர்ந்து போகவேண்டும். அவ்வளவுதான்.

என்னை மயக்குவது குரல் பகுதி.

வீணையை நினைத்துக்கொள்ளுங்கள். தந்தி அதிர்கிறது, குடம் அந்த நாதத்துக்கு உடம்பு கொடுக்கிறது. நம் தொண்டையிலும் அதே இரண்டு வேலைகள். குரல் நாண்கள் அதிர்ந்து சுருதியைத் தருகின்றன. ஆண்களுக்குச் சராசரியாக நொடிக்கு சுமார் 110 முறை, பெண்களுக்கு 200 முறை. அந்த ஒலி தொண்டை, வாய் வழியாக உதடு வரை ஒரு குழாயில் பயணிக்கிறது. ஆணுக்கு இந்தக் குழாய் ஏறத்தாழ 17 செ.மீ., பெண்ணுக்கு 14.5 செ.மீ. ஒரு முனை மூடிய குழாயின் ஒத்ததிர்வு பிளஸ் ஒன் பாடத்தில் படித்ததுதான். நீளம் குறைந்தால் அதிர்வெண் ஏறும். இந்தக் கணக்கில் ஆணுக்கு முதல் ஒத்ததிர்வு 515 ஹெர்ட்ஸ் அருகிலும் பெண்ணுக்கு 600 ஹெர்ட்ஸ் அருகிலும் வரும்.

ஆகவே ஒரு குரல் ஆணுடையதா பெண்ணுடையதா என்பதற்கு இரண்டு தடயங்கள்: தந்தி எவ்வளவு வேகம், குடம் எவ்வளவு பெரிது. சிக்கல் என்னவென்றால், மைக்கில் வந்து சேரும்போது இரண்டும் ஒன்றோடொன்று பெருக்கப்பட்டு ஒரே ஒலியாகிவிட்டிருக்கின்றன. பாலில் கலந்த நீர்போல. எப்படிப் பிரிப்பது?

முதலில் ஒலியைக் கண்ணிமைக்கும் நேரத்தைவிடச் சிறிய துண்டுகளாக, 25 மில்லிநொடி அளவில், வெட்டுகிறார்கள். 10 மில்லிநொடிக்கு ஒரு துண்டு என்று எடுத்தால் வொண்டர் வுமனில் மட்டும் சுமார் எட்டரை லட்சம் துண்டுகள். ஒவ்வொரு துண்டையும், முப்பட்டகம் வெளிச்சத்தை நிறங்களாகப் பிரிப்பதுபோல, அதிர்வெண்களாகப் பிரிக்கிறார்கள். கிடைக்கும் நிறமாலையில் தந்தி ஒரு சீப்பைப்போலத் தெரியும். 200, 400, 600 ஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் பற்கள். குடம் அந்தச் சீப்பின்மேல் மேடும் பள்ளமுமாகப் படர்ந்திருக்கும். சில பற்கள் உயரம், சில குட்டை.

இப்போதுதான் அந்த அழகான அடி. மடக்கை, அதாவது லாக், அட்டவணையைப் புரட்டிய தலைமுறைக்கு இது மறந்திருக்காது: மடக்கை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும். நிறமாலைக்கு மடக்கை எடுங்கள். 'சீப்பு பெருக்கல் மேடு' என்றிருந்தது 'சீப்பு கூட்டல் மேடு' என்று ஆகிவிடுகிறது. அடுத்து, அந்த மடக்கை வளைகோட்டை ஏதோ புதிதாக வந்த ஓர் ஒலி அலை என்று பாவித்து, மறுபடியும் அதே முப்பட்டகத்தில் போடுங்கள். மலைப்பாதையில் பஸ்ஸில் போகிறவருக்கு மெல்ல ஏறி இறங்குவதும் தெரியும், குண்டு குழியில் தடதடப்பதும் தெரியும்; உடம்பு இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. அதேபோல, குடத்தின் மெதுவான மேடுபள்ளம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். சீப்பின் நெருக்கமான தடதடப்பு தூரத்தில் தனியாக ஒரு கூர் முனையாக எழும். தந்தி ஒருமுறை அதிர எடுக்கும் நேரத்தில்தான் அந்த முனை நிற்கும்: பெண் குரலுக்கு 5 மில்லிநொடியில், ஆண் குரலுக்கு 9 மில்லிநொடியில். ஒரு கோடு கிழித்தால் போதும், தந்தி அந்தப் பக்கம், குடம் இந்தப் பக்கம். அன்னப்பறவை பாலையும் நீரையும் பிரித்த கதையை இனி நான் நம்பத் தேவையில்லை. மடக்கையே அதைச் செய்து காட்டுகிறது.

நிறமாலையின் நிறமாலைக்கு என்ன பெயர் வைப்பது? நிறமாலைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்பெக்ட்ரம்' (spectrum). அந்தச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகளைத் திருப்பிப்போட்டு 'செப்ஸ்ட்ரம்' (cepstrum) என்றார்கள் போகர்ட், ஹீலி, டூக்கி என்ற மூவர். ஆண்டு 1963. அவர்கள் தேடியது குரலை அல்ல. நில அதிர்வுப் பதிவுகளில் ஒளிந்திருக்கும் எதிரொலியை. பெல் ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் நோல் என்பவர்தான் இது தொண்டைக்கும் பொருந்தும் என்று காட்டினார். நிலநடுக்க எதிரொலிக்கு நிதி கேட்டவர்களிடம் "இதனால் நாளைக்கு என்ன லாபம்?" என்று கேட்டிருந்தால், அரை நூற்றாண்டு கழித்து ஒரு திரைப்படத்தில் பெண் குரலை எண்ணும் வழி அன்றே அடைபட்டிருக்கும். நம் ஊரில் ஆய்வுத் திட்ட விண்ணப்பங்களில் 'உடனடிப் பயன்' என்ற கட்டத்தை நிரப்பும்போதெல்லாம் எனக்கு இந்த மூவர் நினைவு வரும். அந்தக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்றைய மென்பொருள்கள் இந்த வகை எண்களை, உதாரணங்களைப் பார்த்துக் கற்கும் கணினி நிரல்களான நரம்பு வலைப்பின்னல்களுக்குக் கொடுத்து, ஏற்கெனவே ஆண், பெண் எனக் குறித்துவைத்த ஆயிரக்கணக்கான குரல்களில் பழக்குகின்றன.

சூப்பர்ஹீரோ படம் இந்த இயந்திரத்துக்குப் பெரிய சோதனை. வெடிச்சத்தமும் பின்னணி இசையும் பேச்சின்மேல் கொட்டிக்கொண்டே இருக்கும். பிளாக் பாந்தர் முகமூடி போட்டால் கண் பகுதி கோட்டை விடும், காது பகுதி பிடித்துக்கொள்ளும். ராக்கெட் என்ற ரக்கூனுக்கு மனித முகமே இல்லை. பிராட்லி கூப்பரின் குரல் மட்டும் உண்டு. வொண்டர் வுமனின் தொடக்கத்தில் அமேசான் பெண்கள் கடற்கரையில் போரிடும் காட்சியில் திரை முழுக்கப் பெண்கள். ஆனால் போர்க்கூச்சல் பேச்சில் சேராது. குரல் உடையாத சிறுவனைப் பெண்ணாக எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு. இயந்திரத்திடம் ஆண், பெண் என இரண்டே பெட்டிகள்தான் இருக்கின்றன என்பதும் உண்மையான குறை. பேசியது கட்டளையா கெஞ்சலா என்று அதற்குத் தெரியாது.

அதே கணக்கெடுப்பில் ஒரு வகைப் படத்தில் மட்டும் பெண்கள் ஆண்களைவிட அதிக நேரம் திரையில் தெரிந்தார்கள். பேய்ப் படம். நேரத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்தத் தம்பிக்கு ஒரு வேலை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான 'பிராட்' (Praat) என்ற இலவச மென்பொருளைக் கணினியில் இறக்கிக்கொள். அம்மாவையும் அப்பாவையும் 'ஆ' என்று சொல்லவைத்துப் பதிவு செய். இரண்டு சுருதிக் கோடுகளும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பார். பிறகு இருவரையும் அதே 'ஆ'வை ரகசியம் பேசுவதுபோல் காற்றுக் குரலில் சொல்லச் சொல். சுருதிக் கோடு மறைந்துவிடும், ஏனென்றால் தந்தி அதிரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேள். யார் அம்மா, யார் அப்பா என்று உனக்குத் தெரியும். குடம் அப்படியேதான் இருக்கிறது.